பதினேழு மாதப் பென்ஷன்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காய்கறி வண்டிக்காரர் நிறுத்துக் கொடுத்த வெங்காயத்தை மளிகைக்கடைத் தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பேன். சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்துக் கனம் திருப்தியாக இருந்தால்தான் பணம் கொடுப்பேன். பனியன் கம்பெனியில் அமைந்த வேலையும் இந்தக் குணத்துக்குத் தோதாகவே இருந்தது. செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் என்று தேடிப் பிடித்து அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் கொடுத்தால் மனுஷிக்கு அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரத்தான் செய்யும். இதை என்னை நியாயப்படுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவள் என்பது தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த நோட்டீஸ் ஒரு வியாழக்கிழமை வந்தது. கிராம நிர்வாக அலுவலகத்தின் உதவியாளர் சைக்கிளில் வந்து, எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று என் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார். ஒரே சுவரை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்ட எட்டு வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டுக்கும் தும்மல் வரும். என் பேரைக் கேட்டு எட்டு வாசலிலும் தலைகள் தெரிந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். விதவை உதவித்தொகையில் எனக்குப் பதினேழாயிரம் ரூபாய் கூடுதலாக வழங்கப்பட்டுவிட்டதாகவும், மாதக் கடைசிக்குள் திருப்பிக் கட்டாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும், மேல் நடவடிக்கையும் எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. படித்து முடித்ததும் ஆத்திரம்தான் முதலில் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

அந்தப் பதினேழாயிரத்தின் கதை இதுதான். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்காக விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டாள். அவள் இந்த ஊர்க்காரி, நெசவுக் குடும்பத்துப் பெண், என்னைவிட ஆறு வயது இளையவள். வீட்டிலிருந்தபடியே மூட்டை மூட்டையாகப் பனியன் வாங்கித் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். எந்தப் பாரத்தைக் கொடுத்தாலும் நிதானமாகப் படித்து நிரப்பும் பொறுமை அவளுக்கு உண்டு. எனக்குக் கிடையாது. அப்போது பென்ஷன் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் பெரிய பணமா என்று கேட்பவர்கள் மாதா மாதம் இருபத்தைந்தாம் தேதியைத் தாண்டிப் பார்த்தவர்கள் இல்லை.

சில வருஷம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பென்ஷன் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தாலுகா ஆபீஸில் கேட்டால், "போயிட்டுத்தான் இருக்குதுங்கம்மா" என்றார்கள். பேங்கில் கேட்டால், "எங்களுக்கு வரவே இல்லை" என்றார்கள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எவர் என்பதுதான் தெரியவில்லை. பதினேழு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நான் எழுதித் தாறனுங்க, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள். தன் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். கூட வந்து வரிசையிலும் நின்றாள்.

மனு வேலை செய்தது. தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, என் பேங்கில் ஆதாரை மறுபடி இணைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இணைத்தேன். அதற்கப்புறம் மாதப் பணம் வரத் தொடங்கியது. வராமல் போன பதினேழு மாதத்துக்கும் சேர்த்துப் பதினேழாயிரம் ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. அந்த வாரமே மகளின் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷக் கட்டணத்தைக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடியே வாங்கிக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து அதே பதினேழாயிரத்தைத் திருப்பிக் கேட்டால் எப்படி இருக்கும்? மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். பென்ஷன் பிரிவில் இருந்த குமாஸ்தா நல்ல மரியாதையான மனிதர். அதிக மரியாதையைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

"ஆடிட்டுல புடிச்சிருக்காங்கம்மா. அந்தப் பதினேழு மாசமும் பணம் உங்க கணக்குக்கு ஒழுங்காப் போயிருக்குது. வரலைன்னு நீங்க மனு குடுத்ததால ரெண்டாந்தடவையும் குடுத்துப்போட்டோம். எச்சாக் குடுத்ததத்தானுங்க திருப்பிக் கேக்கறோம்."

"எந்தக் கணக்குக்குப் போச்சு? என் பாஸ்புக் இந்தா இருக்கு. ஒரு பைசா ஏறலையே!"

அவர் திரையைப் பார்த்து வேறொரு பேங்கின் பேரைச் சொன்னார். கணக்கு எண்ணின் கடைசி நான்கு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"நான் அந்தப் பேங்க் படியேறுனதே கெடையாதுங்கேன். எவனோ என் பேருல கணக்கத் தொறந்து தின்னுருக்கான். அவனப் புடிக்காம என்னக் கட்டச் சொல்லுதீயளே!"

"ஏனுங்கம்மா, ஸ்கிரீன்ல இருக்கறதத்தானுங்க நான் சொல்ல முடியும். மொத்தமா முடியாட்டி ஒரு தவணையாவது மாசக் கடைசிக்குள்ள கட்டீருங்க. பென்சன் நிக்காமப் பாத்துக்கறேன்."

ஒரு பைசாகூடக் கட்ட மாட்டேன் என்று அங்கேயே சத்தம் போட்டேன். கட்டினால் நான் திருடினேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "ஒரு தவணை கட்டிப் போடலாமுங்க்கா. பென்சன் நின்னு போச்சுன்னா மறுக்கா வாங்கறது செரமமுங்க" என்றாள். நான் கத்தினேன். "எவ கட்டுனாலும் களவாணின்னு ஒத்துக்கிட்ட கணக்குதான். நான் களவாணியா?" அவள் குனிந்து மறுபடி பிசிறு வெட்டத் தொடங்கினாள்.

அவள் ஏன் கட்டச் சொன்னாள்? அன்று ராத்திரி மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தேன். குமாஸ்தா எடுத்திருந்தால் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். பேங்குக்காரர் எடுத்திருந்தால் தன் பேங்கிலேயே எடுத்திருப்பார். ஜெராக்ஸ் கடைக்காரரைக்கூட நிறுத்திப் பார்த்தேன். என் ஆதார் அவர் கடையில் எத்தனை தடவை மெஷினுக்குள் போய் வந்திருக்கிறது! ஆனால் அவருக்கு என் பென்ஷன் விவரம் எப்படித் தெரியும்? என் ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து, பென்ஷன் எண் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது என்றால் அது ஒரே வீட்டில்தான். என் பேரில் அவள் ஒரு பைல் வைத்திருந்தாள். வீட்டில் எலி என்று நானேதான் அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சி தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. அவள் வீட்டில் புதிதாக ஒரு கிரைண்டர் இருந்தது. தீபாவளிக்கு அவள் புருஷன் சாயப்பட்டறை போனஸில் வாங்கியது என்று சொல்லியிருந்தாள். சாயப்பட்டறையில் எப்போது அப்படி போனஸ் கொடுத்தார்கள்? அவள் மகனுக்குப் புது சைக்கிள். அவளுக்குக் காலில் புதுக் கொலுசு. கிரைண்டர், சைக்கிள், கொலுசு மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய பதினேழாயிரம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்த்திருப்பேன் என்று இப்போது தெரிகிறது.

அதற்கப்புறம் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். பைலைத் திருப்பி வாங்கினேன். "எலி போயிட்டுதுங்களா?" என்று கேட்டாள். "போயிட்டு" என்றேன். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அந்த வேறு பேங்கின் பேரைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வழியைச் சரியாகச் சொன்னாள். எப்படித் தெரியும்? ஒரு புதன்கிழமை நான் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன். அவள் பிசிறு வேலையைப் போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு அவசரமாக வெளியே கிளம்பினாள். என்னை வாசலில் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். "எங்கட்டி போற?" என்றேன். "சும்மா, கோயலுக்குங்க்கா" என்றாள். அவள் முருகனுக்குச் செவ்வாய் விரதம் இருப்பவள். புதன்கிழமை பதினொரு மணிக்கு எந்தக் கோயிலுக்கு?

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கணக்கை யார் திறந்தது என்று விசாரிக்கும்வரை பென்ஷனை நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுக்கத்தான் போனேன். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"பென்சன் நிக்காதுங்கம்மா. மொதத் தவணை அஞ்சாயிரம் கட்டியாச்சுங்களே. மீதி பன்னண்டாயிரத்த மெதுவாக் கட்டுங்க."

"யாரு கட்டுனா?"

"நீங்கதான் பணங் குடுத்துத் தாட்டி உட்டீங்கன்னு நெனச்சனுங்க. பக்கத்து ஊட்டம்மா புதங்கெழம வந்து சலான் எழுதிக் கட்டீட்டுப் போனாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அதே சமயம் ஒரு சந்தோஷமும் வந்தது என்று சொல்லாவிட்டால் அது பொய். பதினேழு மாதமாக, அதற்கு மேலே ஒரு வருஷமாகத் தேடியது கையில் கிடைத்துவிட்டது. பிசிறு வெட்டிப் பிழைப்பவள் எவளாவது அடுத்தவளின் கடனுக்கு ஐயாயிரம் எடுத்துக் கட்டுவாளா? தின்றவள்தான் கட்டுவாள். விசாரணை வந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டியிருக்கிறாள். அதனால்தான் அன்றைக்கும் கட்டிப் போடலாம் என்றாள். எல்லாம் பொருந்தி வந்தது. என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு பொருத்தமாக வந்ததில்லை.

எங்கள் பக்கம் குடிதண்ணீர் ஏழு நாளைக்கு ஒரு தடவை வரும். மறுநாள் தண்ணீர் நாள். எட்டு வீட்டுப் பெண்களும் குடத்தோடு குழாயடியில் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லாரும் இருக்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவள் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்ததும் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, எனக்காக நீ எதுக்கு ஐயாயிரம் கட்டுன?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஊட்டுக்குள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றாள்.

"ஏன், இங்க சொன்னா என்ன? பதினேழு மாசம் என் பணத்தத் தின்னதுக்கு ஐயாயிரம் கட்டிட்டா சரியாப் போச்சா? என் பிள்ளைக்குத் தகப்பன் இல்லன்னு தெரிஞ்சுதானட்டி தின்ன?"

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் குழாயை நிறுத்தவில்லை. அவள் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருப்பாள். கோடி வீட்டுக்காரி மட்டும், "அதான பாத்தேன், கிரைண்டர் எப்படி வந்துதுன்னு" என்று முணுமுணுத்தாள். அந்தக் கிரைண்டர் கணக்கை அவளிடம் போட்டுக் காட்டியவள் நான்தான்.

"திங்கலன்னா உன் முருகன் மேல சத்தியம் பண்ணு" என்றேன்.

"பண்ண மாட்டனுங்க."

"பாத்தீயளா! பண்ண மாட்டா!"

"பணத்துக்காவ சாமி மேல சத்தியம் பண்ற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க" என்றாள். நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அவள் இடத்தில் என் குடத்தை வைத்தேன்.

பத்து நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். குட்டி யானை வண்டியில் சாமான் ஏறும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். கிரைண்டர் ஏறுகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏறியது. ஓடிப் போகிறாள் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். மகள் மட்டும், "அம்மா, அந்தப் பேங்குக்கு நேராப் போயி யார் கணக்குன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருந்தது. போனால் என்னையே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்தேன். இப்போது கள்ளி யார் என்று தெரிந்துவிட்டதால் பயம் விட்டுப்போய், அவள் பேரில் போலீஸில் எழுதிக் கொடுக்கக் கணக்குத் திறந்த பாரத்தின் நகல் வேண்டும் என்று மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பேங்குக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவு, குளிர், வாசலில் துப்பாக்கியோடு காவலாளி. உள்ளே ஒரு சின்னப் பெண் அதிகாரி. துண்டுச் சீட்டையும் ஆதாரையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "உங்க கணக்குதாம்மா இது" என்றாள்.

"என் பேருல வேற ஆளு தொறந்தது."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். போட்டோவில் நான் இருந்தேன். தலையில் முடி விழாமல் இருக்கக் கம்பெனியில் கொடுக்கும் வலைத்தொப்பி. பின்னால் பச்சை பெயிண்ட் அடித்த சுவர். அந்தச் சுவரை எனக்குத் தெரியும். அது ஊருக்கு வெளியே இருந்த ஒரு கம்பெனியின் கேன்டீன்.

திருப்பூரில் கம்பெனி மாறுவதை யாரும் பெரிய விஷயமாக எண்ணுவதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை வேறு கம்பெனி கேட்டுக்குள் நுழைவோம். ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூட என்று எவராவது சொன்னால் போதும். பென்ஷன் வராமல் போனதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சீசன் நேரத்தில் அப்படித்தான் நானும் நாலைந்து பெண்களும் அந்தக் கம்பெனிக்குத் தாவினோம். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு பையன்கள் சின்ன மெஷினோடு வந்தார்கள். ஆதார் கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெங்காயத்தை இரண்டு தடவை நிறுப்பவள் கட்டைவிரலை வைக்கும்போது ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இப்படித்தான் ஏதாவது கேட்பார்கள், நாங்களும் வைப்போம். அங்கே பதினோரு நாள்தான் இருந்தேன். சூப்பர்வைசர் ஒருநாள் ஏதோ சொல்ல, மறுநாள் போகவில்லை. அவர்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பதினோரு நாள் சம்பளத்தை அமுக்கிவிட்டார்கள் என்று அந்தக் கம்பெனியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"சாலரி அக்கவுண்ட்மா. ஆதாரை எந்த பேங்க்ல கடைசியா இணைக்கிறீங்களோ, கவர்மென்ட் பணம் அங்கதான் போகும்" என்றாள் அந்தப் பெண். "போன் நம்பர் உங்களுது இல்ல, கம்பெனியோடது போட்டிருக்காங்க. அதான் மெசேஜ் வரல. ஏடிஎம் கார்டும் கம்பெனிக்குத்தான் போயிருக்கும். நீங்க வாங்கலபோல."

"எவ்வளவு எடுத்திருக்காவ?" என்றேன்.

"யாரும் எடுக்கலைம்மா. ஒரு ரூபாகூட."

கம்பெனி போட்ட பதினோரு நாள் சம்பளம் மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. அதற்குக் கீழே ஆயிரம், ஆயிரம், ஆயிரம் என்று பதினேழு வரிகள். நடுவில் சில்லறை வட்டி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. அழுதால் யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெண் அதிகாரி, பணம் கிடைத்துவிட்டதே, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது போல எங்களைப் பார்த்தாள். ரொம்ப நாளாக எடுக்காமல் கிடந்த கணக்கை உயிர்ப்பிக்க ஒரு பாரம் கொடுத்தாள். அதை மகள்தான் நிரப்பினாள்.

அடுத்த வாரம் பணத்தை எடுத்து மீதிப் பன்னிரண்டாயிரத்தையும் கட்டினேன். அதே குமாஸ்தா கணக்கை முடித்து முத்திரை வைத்துக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "கம்பெனிக் கணக்குங்களா? இப்பிடி மாசத்துக்கு நாலு கேசு வருதுங்கம்மா. நீங்க மொதல்லயே அந்த பேங்குல கேட்டிருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்குமுங்க" என்றார். முடிந்திருக்கும். அவர் எண்ணை எழுதிக் கொடுத்த அன்றைக்கே முடிந்திருக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் கிரைண்டர் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாயிரம் தீர்ந்தது. பென்ஷன் நிற்கவில்லை. கையில் அவளுடைய ஐயாயிரம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோடி வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பனியன் மடித்து டஜன் கட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். லைன் வீட்டில் பிசிறு மூட்டை இறக்கிக் கொண்டிருந்த ஏஜென்ட், திருட்டுப் பேச்சு காதில் விழுந்ததும் அவளுக்கு மூட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டாராம். துணி கணக்கில் குறைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். இதைக் கேட்டபின் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகப் போனேன். சீசன் என்பதால் கடைகள் திறந்திருந்தன. அவள் வேலை பார்த்த கடையில் வடக்கே இருந்து வந்த இரண்டு வியாபாரிகள் இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பனியன் அடுக்குகளுக்கு நடுவில், அவள் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க்கா. புள்ள நல்லாருக்குதுங்களா?"

அவள் திட்டியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள் நான். யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. பேங்கில் கண்டதைச் சொன்னேன். கட்டைவிரல் வைத்தது, பதினேழு வரி, ஒருவரும் எடுக்காதது எல்லாம் சொன்னேன். "நான் உனக்குப் பண்ணுனது பெரிய பாவம். என்ன மன்னிச்சிரு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ எதுக்குட்டி கட்டுன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"மனு எழுதுனது நானுங்க. 'பணம் வரவே இல்லை'ன்னு என் கையில எழுதுனது. அதனாலதான ரெண்டாந்தடவ குடுத்தாங்க? என் தப்புன்னு நெனச்சுப்போட்டனுங்க. சொன்னா நீங்க கட்ட உடமாட்டீங்க. பென்சன் நின்னா புள்ள படிப்புக்கு என்ன பண்ணுவீங்க? சீட்டுப் பணம் கையில இருந்துது, கட்டீட்டேன்."

அவ்வளவுதான். அவள் மனசில் இருந்தது இவ்வளவுதான். பையிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து அவள் கையில் வைக்கப் போனேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள், மைசூர்பாகு போல வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிசமுங்க" என்றாள். கடை வாசலில் கல்லாவில் இருந்த கணக்குப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, சித்த இங்க வாங்க. இவங்க பணம் குடுக்கறாங்க. நீங்க எண்ணிக் குடுங்க." அந்த அம்மா ஒன்றும் புரியாமல் வந்து நோட்டுகளை எண்ணி, பத்து ஐந்நூறு சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். அவள் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள். அதே அழகான கையெழுத்து. இன்னாருக்காகக் கட்டிய ஐயாயிரத்தை இன்ன தேதியில் திரும்பப் பெற்றுக்கொண்டேன், இதற்கு மேல் எங்களுக்குள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள், கணக்குப்பிள்ளை அம்மாவைச் சாட்சியாகப் போட வைத்தாள், பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இதெல்லாம் எதுக்குட்டி?" என்றேன். "இன்னும் என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க்கா" என்றாள். பழைய நாளில் என் பாரங்களை நிரப்பும்போது பேசுவாளே, அதே நிதானம். "நாளைக்கு உங்களுக்கு மறுக்கா ஒரு சந்தேகம் வந்துருச்சுன்னா, எங்கிட்டக் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்களே. அன்னைக்கும் அப்படித்தானுங்க ஆச்சு."

நான் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை செல்போனில் போட்டோ எடுத்துவிட்டு, பில்லை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தாள். அப்புறம் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பனியன் மடிக்கத் தொடங்கினாள்.